அத்தானின் காலும் கண்ணும்: ரத்தக் குழாய்க்காகத் தேன் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அதில் பாதிக்கு மேல் டிரெஸ்ஸிங் ரூமில்தான் கழிந்தது. ரிட்டயர் ஆனபிறகு கொல்லையில் எட்டுத் தேன்பெட்டி வைத்திருக்கிறேன். இவளுக்குப் புண்ணும் தெரியும், தேனும் தெரியும் என்று ஒரு பேர் ஆகிவிட்டதால், இரண்டும் சேர்ந்த சந்தேகம் எதுவானாலும் எங்கள் திண்ணைக்குத்தான் வரும்.

போன பிசான நடவு சமயத்தில் அத்தான் வந்தார், என் அக்காள் வீட்டுக்காரர். கையில் இருந்த மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் திண்ணையில் வைத்தார். பாபநாசத்தில் வாங்கிய மலைத்தேன் ஒரு பாட்டில். சொட்டு மூடி போட்ட பழுப்புக் குப்பி ஒன்று, லேபிளில் ‘புரோபோலிஸ்’, அதாவது தேனீ சேர்த்துவைக்கும் பிசின். ராணிப் புழுவுக்குத் தேனீ ஊட்டும் ராயல் ஜெல்லி, மாத்திரையாக ஒரு டப்பா.

அவருக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலுக்கு அடியில் இரண்டு மாசமாக ஆறாத புண். வலது கண்ணில் ரத்தக் கசிவு. அதற்கு மாசம் ஒரு தடவை கண்ணுக்குள் ஊசி. தேன் ரத்தக் குழாயை வளர்க்கும், காலுக்கு நல்லது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். புரோபோலிஸ் கெட்ட ரத்தக் குழாயை வளரவிடாது, கண்ணுக்கு நல்லது என்று இன்னொருவர். ராயல் ஜெல்லி எதற்கென்று அவருக்கே ஞாபகம் இல்லை. மூன்றையும் காலையில் வெறும் வயிற்றில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏளா, மூணும் தேனீ குடுத்ததுதான? சேந்து நல்லதுதான செய்யும்?”

“அத்தான், ஒண்ணு குழாய வளக்கணும்னு குடிக்கிய, இன்னொண்ணு குழாய வளரவிடக்கூடாதுன்னு குடிக்கிய. ரெண்டும் ஒரே வயித்துக்குள்ள போனா எது காலுக்குப் போகணும், எது கண்ணுக்குப் போகணும்னு அதுக்கு யாரு சொல்லுவா?”

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவருக்குச் சொன்ன இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் ஆய்வு இருக்கிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு மஞ்சப்பை வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

குழாய் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

முதல் கேள்வி இதுதான். பாட்டிலைத் தொடுவதற்கு முன்பே கேளுங்கள்.

உடம்பில் ஓர் இடத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அங்கிருக்கும் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். பக்கத்தில் ஓடும் ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களுக்கு அது ஒரு கூப்பாடு. அவை பெருகி, சுற்றியிருக்கும் சவ்வைக் கரைத்துக்கொண்டு, கூப்பாடு வந்த பக்கம் நகர்ந்து, புதுக் குழாயாக உருளும். புண் ஆற இது நடந்தே தீரவேண்டும். ஆறுகிற புண்ணின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவந்த பொடிப்பொடித் தசை தெரியுமே, அதெல்லாம் புதுக் குழாய்தான். டிரெஸ்ஸிங் ரூமில் அந்த நிறத்தைப் பார்த்தாலே எங்களுக்கு மனசு குளிர்ந்துவிடும்.

இதே கூப்பாடு சர்க்கரைக்காரர் விழித்திரையிலிருந்து கிளம்பினால் வினை. அங்கே முளைக்கும் குழாய்கள் நோஞ்சான். ஒழுகும், உடையும், கண்ணுக்குள் ரத்தம் கட்டும். அத்தானுக்குப் போடும் ஊசி இந்த விஇஜிஎஃப்பைப் பிடித்து அமுக்குகிற மருந்துதான். புற்றுக்கட்டியும் இதே தந்திரம்தான் செய்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர அதற்குச் சொந்தமாக ரத்தக் குழாய் வேண்டும். அந்தக் குழாயைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, முதலில் பெருங்குடல் புற்றுக்கு.

ஆக, அத்தானுக்குக் காலில் குழாய் பற்றாக்குறை, கண்ணில் மிஞ்சிப்போச்சு. ஒரே ஆள், ஒரே நோய். ‘ரத்தக் குழாய்க்கு நல்லது’ என்று மொட்டையாக யாராவது சொன்னால், எந்தக் குழாய்க்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தொடையிலோ கணுக்காலிலோ பெரிய தமனி அடைத்திருந்தால் புண்ணில் எத்தனை பொடிக் குழாய் முளைத்தும் புண்ணியமில்லை. கன்னடியன் மடையைத் திறக்காமல் வயலுக்குள் வாய்க்கால் வெட்டின கதைதான். அதனால் சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் முதலில் பாதத்தின் மேல்புறம் நாடி துடிக்கிறதா என்று பார்க்கவேண்டும். டாக்டர் விரல் வைத்துப் பார்ப்பார்; சந்தேகம் இருந்தால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எழுதுவார். அத்தானுக்கு இரண்டு மாசமாக அதையே யாரும் பார்க்கவில்லை. தேன் மட்டும் மூன்று பாட்டில் காலி.

எந்தப் பொருள் என்ன செய்கிறது

தேனீப் பொருள் என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். தேன் பூவின் இனிப்பிலிருந்து வருகிறது. புரோபோலிஸ் மரப்பிசின், மொட்டிலும் பட்டையிலும் சுரண்டி வந்து மெழுகோடு குழைத்துப் பெட்டியின் இடுக்கை அடைக்கத் தேனீ வைத்திருக்கும் பூச்சு. ராயல் ஜெல்லி இளம் தேனீயின் தலைச் சுரப்பியில் ஊறுவது, ராணிப் புழுவுக்கான தீனி. மகரந்தம் மகரந்தம்தான். கொட்டும் விஷம் இன்னொன்று. வேலை எப்படி ஒன்றாக இருக்கும்?

2009-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் சிலவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைப்பேறு முடிந்து வரும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து உள்சுவர் செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்து, விஇஜிஎஃப் ஊற்றினால் அவை குழாய் கட்டும். கூடவே தேனீப் பொருளைச் சேர்த்தால் கட்டுவது குறைகிறதா? குறைந்தது. சீனச் சிவப்பு புரோபோலிஸ் நன்றாகவே தடுத்தது, மகரந்தம் அதற்கு ரொம்பக் கீழே, ராயல் ஜெல்லி அதற்கும் கீழே. எல்லாவற்றுக்கும் மேலே நின்றது புரோபோலிஸில் இருக்கும் ஒரு தனிப் பொருள்: கஃபெயிக் அமில ஃபினெத்தில் எஸ்டர். ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘கேப்’ என்பார்கள்.

தேன் எதிர்த்திசை. 2010-ல் பிரிட்டனில் எலியின் பெருநாடியை வளையம் வளையமாக நறுக்கிக் கூழில் பதித்து, நீர்த்த தேனை விட்டுப் பார்த்தார்கள். வளையத்தின் ஓரத்திலிருந்து புதுக் குழாய்கள் கிளம்பின. தேனில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி இருக்கிறது. புண்ணின் ஈரம் பட்டுத் தேன் நீர்த்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை விடும். அதிகமானால் செல்லைச் சுடும் சரக்கு, சிறு அளவில் விஇஜிஎஃப்பைக் கிளப்பிவிடும். தேனை அடுப்பில் காய்ச்சினால் அந்த நொதி போச்சு. நாள்பட இருக்கவேண்டும் என்று சூடேற்றி வடித்த தேன் தோசைக்குத் தொட்டுக்கொள்ளத்தான் லாயக்கு.

எதில் சோதித்தார்கள்

நான் அதிகம் சண்டை போடும் இடம் இது. செய்தியில் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று இருந்தால், தட்டிலா, முட்டையிலா, எலியிலா, மனுஷரிலா என்று தேடுங்கள். புரோபோலிஸ் குழாயைத் தடுக்கும் என்று இங்கே சுற்றிவரும் பேச்சின் வேர் முதல் மூன்றில்தான் இருக்கிறது.

முட்டை என்றதும் ஆச்சரியப்படாதீர்கள். வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்கு இது பழக்கமான காட்சி. அடை வைத்து ஏழாம் நாள் ராத்திரி, முட்டையை உள்ளங்கையில் பிடித்து அடியில் டார்ச் அடித்துப் பார்ப்போமே: கரு பிடித்திருந்தால் நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் செந்நரம்பு ஓடும். கூமுட்டை என்றால் வெறும் மஞ்சள் வெளிச்சம். ஆய்வுக்கூடத்தில் அதே முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, அந்த நரம்பு ஓடும் சவ்வின்மேல் மருந்து தோய்த்த வட்டத் துண்டை வைப்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வட்டத்தைச் சுற்றி நரம்பு கூடியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று எண்ணுவார்கள். கேப் வைத்த இடத்தில் நரம்பு குறைந்தது என்று இந்த முறையிலும் கண்டிருக்கிறார்கள்.

நல்ல சோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மருந்து நேராகக் குழாயின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அத்தான் குடிக்கும் பத்துச் சொட்டு வயிற்று அமிலம், குடல், ஈரல் எல்லாம் தாண்டி, உருமாறி, மிச்சம் மீதி அஞ்சு லிட்டர் ரத்தத்தில் கரைந்து, அதில் ஒரு துளி விழித்திரைக்குப் போய்ச்சேரவேண்டும். கண் டாக்டர் வாயில் போடாமல் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுவது ஏன் என்று அத்தானிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

எந்தத் தேனீ, எந்த மரம்

நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இதில்தான். என் பெட்டிகளில் இருப்பது இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்றும் சொல்வோம். அது பிசின் சேர்ப்பது கிட்டத்தட்டக் கிடையாது. மூடியைத் திறந்து சட்டத்தைத் தூக்கினால் வெண்ணெயில் கத்தி மாதிரி வரும். இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர் உளியை விட்டு நெம்பினால்தான் ‘டக்’ என்று விடும். அந்த ஒட்டுத்தான் புரோபோலிஸ். ஆக, ‘இந்தியத் தேனீயின் புரோபோலிஸ்’ என்று யாராவது விற்றால் எந்தப் பெட்டியில் சுரண்டினாய் என்று கேளுங்கள். மலைத்தேனீ பாறையிலும் உயரமான கிளையிலும் திறந்தவெளியில் கட்டும் ஒற்றை அடை. அடைக்க அதற்கு இடுக்கே கிடையாது. நம்மூரில் நிஜமாகப் பிசின் சேர்ப்பது கொசுத்தேனீ. பழைய வீட்டுச் சுவர் ஓட்டையில் கறுப்பு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த வாசல் முழுக்கப் பிசினும் மெழுகும்தான்.

சரி, பிசின் என்றால் எல்லாம் ஒன்றா? ஐரோப்பா, சீனப் பக்கத்துப் புரோபோலிஸ் பெரும்பாலும் பாப்லர் மரத்தின் மொட்டுப் பிசின். கேப், கிரைசின், கலாஞ்சின் எல்லாம் அதிலிருந்து வருபவை. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் வேறொரு செடியிலிருந்து. அதில் ஆர்ட்டெபிலின்-சி என்று இன்னொரு பொருள். சேரன்மகாதேவியில் பாப்லர் எங்கே இருக்கிறது? சீனப் பிசினில் கண்ட முடிவை என் கொல்லைச் சுவர்ப் பிசினுக்கு ஒட்டவைக்க முடியாது. லேபிளில் எந்தத் தேனீ, எந்த ஊர், எத்தனை சதவீதம், எதில் கரைத்தது என்று இல்லாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அத்தானின் குப்பியில் ‘இயற்கையானது’ என்ற ஒரு வார்த்தைதான் இருந்தது.

புண்ணில் தேன் போடுவதென்றால்

மனுஷரிடமே பார்த்து ஓரளவு தெளிவாகியிருப்பது இது ஒன்றுதான், அதுவும் மேலே தடவுவதில். ஆழம் குறைந்த தீக்காயம் தேன் கட்டில் வழக்கமான கட்டைவிடச் சில நாள் முன்னால் ஆறுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2015-ல் சொன்னார்கள். அதே தொகுப்பில் சர்க்கரைக் கால்புண்ணுக்குத் தீர்மானமாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை. தீக்காயத்துக் கதையைக் கொண்டுவந்து கால்புண்ணில் ஒட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கான தேன் தனி. காமா கதிரில் கிருமி நீக்கி டியூபில் வரும். சாப்பிடும் தேனில் சில பாக்டீரியாவின் வித்துகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு வயசுக்குள் இருக்கும் பிள்ளைக்கு நாக்கில் தேன் தடவக்கூடாது என்பதும் அதனால்தான். சேனை வைக்கிறோம் என்று எங்கள் பக்கம் இன்னும் தடவுகிறார்கள். கண்டால் நான் விடமாட்டேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் அவருக்கு முதுகில் புண். பெட்டி வைத்த புதுசு. என் தேன்மேல் எனக்கு அப்படி ஒரு பெருமை. மூடாத அடையிலிருந்து அவசரப்பட்டு எடுத்த தேனை அப்படியே புண்ணில் விட்டுக் கட்டினேன். மறுநாள் விடியற்காலை மாமியார் கத்துகிறார்கள்: கட்டிலின் காலிலிருந்து கட்டுவரை எறும்புச் சாரி. கட்டைப் பிரித்தால் புளித்த வாடை. தேனீ இறகால் விசிறி ஈரத்தை வற்றவைத்து மெழுகால் மூடின பிறகுதான் அது முழுத்தேன். அதற்குமுன் எடுத்தால் நீர் அதிகம், புளித்துவிடும். இருபது சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்பது சட்டக் கணக்கு. அதற்கப்புறம் கையில் பிடிக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கினேன். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஈரம் காட்டும். சர்க்கரைப்பாகு கலந்திருந்தால் அதற்குத் தெரியாது. காகிதம், தீக்குச்சி, தண்ணீர், நாய் நக்குமா நக்காதா என்று ஊரில் சொல்லும் சோதனை எதுவும் உருப்படியில்லை. கலப்படம் லேபில்தான் பிடிபடும்.

டாக்டர் பார்த்து, நாடி பார்த்து, செத்த சதையை வெட்டி எடுத்தபின் ‘தேன் கட்டு போடலாம்’ என்று சொன்னால் செய்யும் முறை இது. சலைனால் கழுவி, சுற்றியிருக்கும் தோலை ஒற்றித் துடையுங்கள். தேனைப் புண்ணில் ஊற்றாமல் காஸில் ஊறவைத்து வையுங்கள். தேன் நீரை இழுக்கும். முதல் சில நாள் கட்டு தொப்பலாக நனையும். அதனால் மேலே தடிமனான பஞ்சுப் பட்டை, தினம் மாற்று. தேன் அமிலத்தன்மை உள்ளது, போட்டதும் சிலருக்குச் சுரீர் என்று எரியும். அரைமணி தாண்டியும் எரிந்தால் கழுவிவிடுங்கள். கட்டில் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், எறும்புக்கு. வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்து போனில் படம் எடுங்கள். கறுப்பு, நாற்றம், மேலே ஏறும் சிவப்பு, காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியாக இருந்தாலும்தான்.

யார் தொடக்கூடாது

சர்க்கரைக்காரர் தேன் குடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். அத்தானைப் பார்த்தபின் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம் என்றால் அதில் 17 கிராம் சர்க்கரை. மலைத்தேனுக்கும் அதே கணக்குத்தான். சர்க்கரை ஏறினால் கண்ணும் காலும் சேர்ந்தே கெடும்.

ஆஸ்துமா, அலர்ஜிக்காரர் ராயல் ஜெல்லிப் பக்கம் போகவேண்டாம். மூச்சு முட்டி உயிருக்கே மோசமானது உண்டு. புரோபோலிஸ் சிலருக்குத் தோலில் கொப்புளமாகத் தடிக்கும். தேனீ விஷத்தில் இருக்கும் மெலிட்டினும் தட்டில் குழாயைத் தடுக்கிறது என்பதைப் படித்துவிட்டுக் கொட்டவிட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கொட்டில் ரத்த அழுத்தம் விழுந்து ஸ்ட்ரெச்சரில் வந்தவரை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம். புற்றுச் சிகிச்சையில் இருப்பவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பிணி, ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர் எல்லாரும் குப்பியைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் தேன்தானே என்று சொல்லாமல் விடாதீர்கள்.

அப்புறம் அத்தான் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுநாளே பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனோம். டாப்ளரில் முழங்காலுக்குக் கீழே ஓர் அடைப்பு. பலூன் வைத்துத் திறந்தார்கள். பிறகு ஆறு வாரம் கட்டு, குதிகாலில் மட்டும் எடை விழுகிற மாதிரி செருப்பு. கட்டுக்குத் தேன் போடவா என்று நானே சர்ஜனிடம் கேட்டேன். இந்தப் புண்ணுக்கு வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன். அஞ்சாவது வாரம் பிரித்தபோது அடியில் மாதுளை முத்து. கண் ஊசி அதுபாட்டுக்கு நடக்கிறது.

மலைத்தேன் பாட்டிலை அக்காள் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டாள். ராயல் ஜெல்லி டப்பா குப்பைக்குப் போனது. புரோபோலிஸ் குப்பி மட்டும் என்னிடம் இருக்கிறது. கொசுத்தேனீ குடியேறட்டும் என்று கொல்லையில் கட்டித் தொங்கவிட்ட மண்கலயத்தின் வாயில் நாலு சொட்டுத் தடவி வைத்தேன். மூன்று மாசம் ஆகிறது, ஒரு ஈயும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த தடவை சுவர் ஓட்டையில் இருக்கும் சொந்தப் பிசினைக் கொஞ்சம் சுரண்டித் தடவிப் பார்க்கவேண்டும்.